ஒற்றைக்கண் கிளி

“சீ! திரும்புடி அந்தப் பக்கம்!” லேடி ஹெஸ்டர் கத்தினாள்.

நிலக்கரி வாளியோடு கூடத்தில் வந்த வேலைக்காரப் பெண் சட்டென்று சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஜமானர்கள் கடந்து போகும்வரை வேலைக்காரர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். அந்த வீட்டில் நாய்களுக்குக்கூட அந்தச் சட்டம் கிடையாது.

வீட்டை வாங்க வந்திருந்த மிசஸ் வில்மட், கனடாவிலிருந்து திரும்பிய பணக்கார விதவை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முகத்தில் அருவருப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

“உங்களுக்கும் குமட்டுதில்ல? நல்ல ரத்தம்னா அப்படித்தான்!” என்று பூரித்துப்போனாள் லேடி ஹெஸ்டர். “முன்கட்டு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, எலிசபெத் ராணி காலத்துது. இந்தக் கூடம் என் மாமனாரோட தாத்தா கட்டினது. இதுங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு சுவருக்குள்ளயே தனிப் படிக்கட்டு வெச்சார், மகராசன்!”

போரில் மகன் போனான், வரியில் சொத்து போனது. கொழுப்பு மட்டும் போகவில்லை.

“போன வாரம் ஒருத்தன் உங்களைவிடக் கூடுதலாத் தர்றேன்னு வந்தான். அவன் அம்மா எங்கேயோ பாத்திரம் தேய்ச்சவளாம். நாயை அவுத்து விட்டேன்! அந்தக் கூட்டம் இந்த வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடினா நான் உயிரோட இருக்க மாட்டேன்.”

அழகழகான உத்தரங்களை மிசஸ் வில்மட் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த, கிளிகள் வரைந்த சித்திரக் காகிதத்தை மூக்கு உரசும்படி நெருங்கிப் பார்த்தாள்.

“இந்தக் கிளிக்கு இன்னும் ஒரு கண்ணு வரையாமலே இருக்கே.”

“அப்படியா? இத்தனை வருஷத்துல நான் கவனிச்சதே இல்லையே!”

ஜன்னலோர மேஜையில் வக்கீல் பத்திரத்தை விரித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாவிக்கொத்து கை மாறியது.

“அப்பாடா! வீடு தகுதியான கைக்குப் போயிடுச்சு,” என்றாள் லேடி ஹெஸ்டர். “ஆமா, நாம முன்னாடி ஏதாவது விருந்துல சந்திச்சிருக்கோமா?”

“இதே கூடத்துல, ஆறு வருஷம், தினமும் சந்திச்சிருக்கோம்.”

“இங்கேயா? உங்க முகம் ஞாபகம் வரலையே…”

மிசஸ் வில்மட் எழுந்துபோய், கிளிக்கு நேராக, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கைகட்டி நின்றாள்.

“இப்பத் தெரியுதா, அம்மா?”