நாண் பட்ட கை

"மறுபடியுமா?" என்றார் வில் கடைக்காரர் வெர்ன்.

டாரா இடது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினாள். முன்கையின் உட்பக்கம் பட்டை பட்டையாக நீலம் பாரித்துக் கன்றியிருந்தது. ஓரத்தில் போன வாரம் பார்த்த காயத்தின் மஞ்சள் நிறம் இன்னும் மிச்சமிருந்தது.

"போன வாரம் கடைசி மூணு அம்பு விடறப்போ நீங்க கல்லாவுக்குப் போயிட்டீங்க. அப்பத்தான் நாண் அடிச்சுது" என்றாள், தரையைப் பார்த்தபடி.

ஜன்னலோரம் பாலாடைக்கட்டித் துண்டுகளை மென்றுகொண்டிருந்த ஆர்லோ சிரித்தார். அம்பு வாங்காவிட்டாலும் தினமும் கடைக்கு வந்து உட்காருகிற ஆள். "அட, வில் பிடிச்சவங்களுக்கு ஞானஸ்நானமே இதுதானேம்மா! இங்க பாரு" என்று தன் இடது முன்கையை நீட்டினார். நாற்பது வருடத் தழும்பு. விஸ்கான்சினின் அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதே இடத்தில் அதே அடையாளம் உண்டு. வெர்னுக்கும் உண்டு.

வெர்ன் மட்டும் சிரிக்கவில்லை. 'நான் பொருத்திக் கொடுத்த வில் ஆளை அடிக்காது' என்று முப்பத்தொரு வருடமாக மார் தட்டியவர். ஒரே ஆளுக்கு மூன்று வாரமாகக் காயம் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்குமா?

"நாளன்னிக்குச் சனிக்கிழமை மான் சீசன் திறக்குது. இந்தக் கையோட எப்படிப் போவே?"

"போய்த்தான் ஆகணும். கர்ட் காட்டுக்குள்ள கேபின் எடுத்திருக்கார். நாலு நாள்."

"வேற யாரு வர்றா?"

"நாங்க ரெண்டு பேருதான். அங்க போனும் எடுக்காது." வெளியே லாரியில் காத்திருந்த அவள் கணவன் கர்ட், ஹாரனை ஒருமுறை அழுத்தினான். டாராவின் தோள் துள்ளியது.

வெர்ன் கொக்கியிலிருந்து இரு முனையிலும் சக்கரம் வைத்த அவளுடைய காம்பவுண்ட் வில்லை எடுத்தார். பொருத்தம் சரியாகும்வரை வில் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் சட்டம். முதல் நாளே கண் சோதனை செய்து, எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை என்றாலும் குறி பார்க்க இவளுக்கு இடது கண்தான் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப இடது கையால் நாண் இழுக்கிற வில்லைக் கொடுத்தவர் அவர். "தூசி படிஞ்சு கெடந்த ஒரே இடதுகை வில்லும் வித்துப்போச்சா! கெட்டிக்காரன்யா நீ" என்று அன்றைக்கும் ஆர்லோ கிண்டல் செய்திருந்தார்.

முதல் வாரம் நாணின் இழுப்பை அரை அங்குலம் குறைத்திருந்தார். இரண்டாம் வாரம் இன்னொரு கால் அங்குலம். இனிக் குறைக்க இடமில்லை.

"நில்லு. காலை அகட்டு. வில்லை இறுக்கிப் பிடிக்காதே, கட்டை விரலும் உள்ளங்கையும் தாங்கினாப் போதும். முழங்கையை வெளிப்பக்கம் திருப்பு. ம், இழு."

சக்கரங்கள் சுழன்றன. நாண் அவள் தாடையோரம் வந்து நின்றது. வெர்ன் குனிந்து, வில் பிடித்த கைக்கு அருகில் தன் கண்ணைக் கொண்டுபோனார். அம்பு பறந்தது. நாண் அவள் கையை விட்டு நான்கு விரல் தள்ளியே போனது.

இன்னொரு அம்பு. அப்போதும் நான்கு விரல்.

மூன்றாவது அம்பு குறியின் நடுவில் போய்க் குத்தியது. வில்லில் குறை இல்லை, நிற்பதில் குறை இல்லை. பிறகு எப்படி அடிக்கிறது?

"இதையும் போட்டுக்கோ" என்று தோலில் தைத்த கைக்காப்பு ஒன்றை நீட்டினார். டாரா வாங்கிக்கொண்டாள். மாட்டவில்லை. வெர்னின் முகத்தையே பார்த்தாள், அவர் எதையோ கேட்க வேண்டும் என்று காத்திருப்பவள் மாதிரி.

அவர் கேட்கவில்லை. அவர் கவலையெல்லாம் அந்த நாணில் இருந்தது. கதவு படாரென்று திறந்தது.

கர்ட் அன்றுதான் முதல் தடவையாகக் கடைக்குள் காலடி வைத்தான். "எவ்வளவு நேரம்யா? எல்லாம் ஏத்தியாச்சு. வில்லைக் குடு, கிளம்பணும்."

"இன்னும் சரியாகலை, கர்ட். சீசனுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்றார் வெர்ன்.

"ரெண்டு நாள் முன்னாடி போனா உனக்கென்ன? மூணு வாரமா நீ பொருத்தின லட்சணத்தைத்தான் நான் தினம் வீட்ல பார்க்கிறேனே!" அவன் டாராவின் இடது கையைப் பிடித்துத் தூக்கி ஆர்லோவுக்கும் காட்டினான். "பாருங்க பெரியவரே. வில்லைப் பிடிச்ச கையை நாண் என்ன பாடு படுத்தியிருக்கு! இவருக்கு ஊர்ல பெரிய பேரு வேற."

ஆர்லோ சிரிக்கவில்லை.

வெர்ன் பார்த்தார். கர்ட்டின் நான்கு விரல்களும் அந்த நான்கு நீலப் பட்டைகளின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தன. அங்குலம் பிசகாத பொருத்தம். மூன்று வாரமாகக் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காத தன்மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

அவர் வில்லைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார். டாராவைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். ஆர்லோ எழுந்து போய்த் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"கர்ட், இவ வில்லைப் பிடிக்கிறது வலது கையில" என்றார் வெர்ன்.