இன்னும் இரண்டு எழுத்து

தகவல் சேமிக்கும் சர்வர்களை ஒரே தொகுப்பாக, அதாவது கிளஸ்டராகக் கோக்கும் மென்பொருளில், அந்தத் தொகுப்புக்குப் பெயர் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. எல்லோரும் அதை வெறுமையாக விடுவார்கள். மென்பொருளே ‘மெயின்’ என்று நிரப்பிக்கொள்ளும். ஒரு மருத்துவமனையிலும் பழைய கிளஸ்டர், புதியது இரண்டுக்கும் ‘மெயின்’தான். பழையதை அழிக்க உட்கார்ந்த மேலாளர் கோதண்டம் புதியதை அழித்துவிட்டார். அதோடு அழிந்துபோன ஸ்கேன் படங்களில் மாசிலாமணி என்பவருடையதும் ஒன்று. மறுநாள் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை. அடுத்த கிளஸ்டரை நிறுவிய ஜெபராணி, யாரையும் கேட்காமல் அந்தக் கட்டத்தில் ‘மாசிலாமணி’ என்று எழுதினாள்.

மூன்று வருடம் கழித்து கோதண்டம் அவள் மேசைக்கு வந்தார். “புது வெர்ஷன்ல பேரு வைக்கிற கட்டத்தையே தூக்கிட்டாங்கம்மா. யாரும் யூஸ் பண்றதில்லையாம். நம்மளதையும் ‘மெயின்’னு மாத்திடு.”

“நான் யூஸ் பண்றேனே சார்.”

“உன் ஒருத்திக்காக வச்சிருப்பாங்களா?”

“பேரை மாத்தணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் திரும்பக் கட்டணும்.”

“அதான் காப்பி இருக்குல்ல?”

“அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க.” ஜெபராணி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். “என் கையால செய்ய மாட்டேன். நீங்க உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அழிக்கும் கட்டளையைக் கொடுத்ததும், எதை அழிக்க வேண்டுமோ அதன் பெயரை எழுதும்படி திரை கேட்டது. கோதண்டம் ‘மாசிலா’ வரை அடித்துவிட்டுக் கையை எடுத்தார்.

“இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு சார்” என்றாள் ஜெபராணி.