சிதம்பரத்துக்கு ஒரு சுரங்கம்

உப்பனாற்றில் பட்டுத் தெறிக்கும் காலை வெயில் கடலூர் முதுநகர் மாடி அறையின் கூரையில் நெளிகிறது. மடியில் தூங்கும் மகன் ஹுமாயூன் அசங்காதபடி, எதிரே முக்காலியில் இருக்கும் லேப்டாப்பைத் தட்டுகிறாள் நஜியா. சிதம்பரத்து ஆபீஸ் சர்வர்வரைக்கும், இன்டர்நெட் வழியே, நடுவில் எவரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சுரங்கம் போடுகிறாள். அது திறந்துவிட்டால் பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு தினம் பஸ் ஏற வேண்டியதில்லை. நேற்று ஜாக்கிரதை ஜாஸ்தியாகி, சர்வருக்குள் நுழையும் எல்லா வழியையும் அடைத்ததில் தன்னையும் சேர்த்து வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டாள். ஆபீஸிலிருந்து மாலதிதான் திறந்துவிட்டாள். இப்போதும் போன் ஸ்பீக்கரில் அவள்தான். "என்னா நஜியா, இன்னிக்காவது உள்ள வுடுதா?" "இரு அக்கா, சாவி சரியான்னு பாக்குது." கறுப்புத் திரையில் பச்சையாய் ஒரு வரி விழுகிறது, சர்வரின் பெயர். நஜியாவுக்கு வாயெல்லாம் பல். பிள்ளை தூங்குகிறதே, கத்த முடியவில்லை. ஆபீஸ் பிரிண்டருக்கு 'நான் வந்துட்டேன்' என்று அடிக்கிறாள். அதற்குள் விழித்துக்கொண்ட ஹுமாயூன் காலை நீட்டிக் கீபோர்டில் வைக்கிறான். அவள் எதையும் அழிக்காமல் அனுப்புகிறாள். போனுக்குள் பிரிண்டர் முனகிக் காகிதம் தள்ளும் சத்தம். "வந்துட்டேன்னு இருக்கு, சரி. பக்கத்துல என்னா ஒரே கககன்னு?" பிஞ்சுக் குதிகாலைக் கையில் பொத்திக்கொள்கிறாள் நஜியா. "நம்ம ஹுமாயூன், அக்கா. அவனும் வேலைக்கு வந்துட்டான்."