நித்தியகல்யாணிக்கு முப்பது குடம்

“சுடுகாட்டுப் பூ! கலெக்டர் துரை வந்து தங்கப் போற பங்களா வாசல்ல சுடுகாட்டுப் பூ!”

ஓவர்சீயர் வெங்கடாசலம் இன்னும் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை. ஹாண்டில்பாரைப் பிடித்தபடியே கத்தினார்.

தோட்டக்காரன் சென்றாயன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“நித்தியகல்யாணிங்க எசமான். நல்ல பேருதானுங்க.”

“பேரை மாத்திச் சொன்னா பூ மாறிடுமா?”

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையில் ஜில்லா போர்டு கட்டிய பயணியர் பங்களா அது. வாசலுக்கு நேரே ஒரு பூப்பாத்தி. வெறும் சரளை மண். காலையில் வந்து உட்காரும் வெயில் சாயங்காலம்தான் எழுந்து போகும். அதில் ரோஜாவும் மல்லிகையும் நட வேண்டும், தினம் முப்பது குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் அந்த வெயிலில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்றாயன் நட்டிருந்தது நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, ஓரத்துக்குக் கற்றாழை. பாத்தி என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. அதைப் பார்க்கிற மனநிலையில் ஓவர்சீயர் இல்லை.

அவர் சட்டம் பார்க்கிற மனிதர். ஒரு டீக் கோப்பை உடைந்ததற்காகச் சமையல்காரனிடம் மூன்று தடவை எழுத்து மூலம் விளக்கம் கேட்டவர். பங்களாக் கிணற்றுக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியதும், ‘பங்களாவுக்கும் செடிக்கும் மட்டும்’ என்று பலகை எழுதி மாட்டியதும் அவர்தான். இரண்டு வருஷமாக மழை இல்லை. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இறங்காத கிணறு அது ஒன்றுதான்.

“ரோஜா எங்கே?”

“இந்த வெயிலுக்கு நிக்காதுங்க. அதான் காஞ்சாலும் தாங்கற செடியாப் பாத்து நட்டனுங்க.”

“தண்ணி ஊத்தறியா?”

“தெனம் முப்பது கொடம் எறைக்கறனுங்க.”

ஓவர்சீயர் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார். கயிறு ஈரமாக இருந்தது. திரும்பி வந்து குடை முனையால் பாத்தியைக் குத்தினார். புழுதி கிளம்பியது. இன்னும் ஆழமாகக் குத்தினார். அங்கேயும் புழுதிதான்.

“சுடுகாட்டுக்கு ஒரே ஒரு குடம் தண்ணிதான்டா போகும். அதையும் அங்கேயே உடைச்சிட்டு வந்துடறோம். அந்த இடத்துல பூக்கற செடி இது. இதுக்கு முப்பது குடம் ஊத்தினா எப்பவோ அழுகிச் செத்திருக்கும். தண்ணி எங்கே போகுது?”

பெயரை மாற்றிச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவனை அந்தச் சுடுகாட்டுப் பெயரே காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், இடுப்பில் நிறைகுடத்தோடு வேலியைப் பார்த்து நடந்து வந்தாள். சாலைக்குக் கல் உடைக்கிற மயிலம்மாள். ஓவர்சீயரைக் கண்டதும் நின்றுவிட்டாள். பிறகு ஏதோ தோன்றியவளாக, நேரே பாத்திக்கு வந்து குடத்தைச் சரித்தாள்.

“செடிக்குத்தானுங்க சாமி கொண்டாந்தேன்.”

“ஊத்தாதே! செடி செத்துடும்!” என்று அதட்டினார் ஓவர்சீயர்.

அவள் குடத்தை நிமிர்த்திக்கொண்டாள். அவள் வீட்டுக்கு அன்றைய தண்ணீர் அதுதான்.

சென்றாயனுக்கு இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

“வேலிக்கு அந்தாண்ட பன்னண்டு குடுசைங்க. குட்டை காஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. ஊர்க் கெணத்துல இவுங்கள எறங்க உடறதில்லீங்க. ரோசா வெச்சா முப்பது கொடத்தையும் அதே குடிச்சுப் போடுமுங்க. எதுக்குத் தண்ணி வேண்டாமோ அதையாத் தேடித் தேடிக் கொண்டாந்து நட்டனுங்க. தப்புத்தானுங்க.”

“செடிக்குன்னு உத்தரவான தண்ணி. ஒரு சொட்டு வேற யாருக்கும் போகக் கூடாது. வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

ஓவர்சீயர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து மைக்கூடும் காகிதமும் வெளியே வந்தன. பேனா ஓடத் தொடங்கியது. அவர் எழுதினால் யாராவது ஒருவருக்குக் கேடு என்பது அந்தச் சாலை நெடுகத் தெரிந்த விஷயம்.

சென்றாயன் அரைஞாணில் கட்டியிருந்த கிணற்றுச் சாவியை அவிழ்த்துப் படியில் வைத்தான். வேலை போவது ஒரு பக்கம். நாளை முதல் அந்தக் கம்பிக் கதவைத் திறக்க ஆள் இல்லை என்பதுதான் அவன் கவலை. மயிலம்மாள் குடத்தை இறக்கவும் தெரியாமல், எடுத்துக்கொண்டு போகவும் தெரியாமல் நின்றாள்.

“எத்தனை குடிசைன்னு சொன்னே?”

“பன்னண்டுங்க.”

ஓவர்சீயர் எழுதியதில் ஏதோ ஓர் இடத்தை அடித்துவிட்டுத் திருத்தினார். ஊதி மையை ஆற்றினார்.

“இதுல நீ கைநாட்டு வைக்கணும். வைக்கறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக்கோ. அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது.”

“சரிங்க எசமான்.”

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படித்தார்:

“பங்களா முன்பாத்தியில் நட்டிருப்பது நித்தியகல்யாணி என்னும் செடி. அதிகம் தண்ணீர் குடிக்கும் ஜாதி. முப்பது குடம் போதவில்லை. அறுபது குடத்துக்கு உத்தரவு வேண்டும்.”