இடுப்புக்கு மேல் இருட்டு

டிம் போட்டான். அவள் இடுப்புவரை தெரிந்தாள்.

பிரைட் போட்டான். முகத்தைக் கை மறைத்துக்கொண்டது.

லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவள் நின்ற முக்கு பின்னால் போய்விட்டது.

ஸ்டியரிங்கில் ஒரு குத்து குத்தினான்.

லைட் மாற்றி நாலைந்து நாளாகிறது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி அடிக்கிற தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் முதலாளி எல்.இ.டி. போட்டுவிட்டார். மாட்டின அன்றைக்கு, அடுத்த வண்டி ஓட்டுகிற சூசை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இனி உமக்கு ராத்திரியே கெடையாது வே. ரோட்டுல எறும்பு போனாக்கூட ஆணா பொண்ணானு சொல்லிரலாம்."

பொய்யில்லை. குழி தூரத்திலேயே தெரிந்தது. சல்லி ஒவ்வொன்றும் தன் நிழலோடு கிடந்தது. முன்னெல்லாம் ரோட்டில் மாடு படுத்திருந்தால் கிட்டத்தில் போய்த்தான் அது மாடு என்று தெரியும். இப்போது அதன் காதில் ஒட்டிய உண்ணிகூடத் தெரியும்போல. இத்தனை வருஷமாக முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி ஓட்டிய முதுகு முதல் தடவையாக சீட்டில் சாய்ந்தது.

எல்லாம் தெரிந்தது.

பெண்டாட்டி கனியின் முகம் மட்டும் தெரியவில்லை.

பழைய பல்பு மஞ்சளாக ஒழுகும். ரோடு, உடைமரம், ஆள், நாய் எல்லாவற்றின்மீதும் கொஞ்சம் கொஞ்சம் பூசிவிட்டுப் போகும். எதுவும் சரியாகத் தெரியாது. ஆனாலும் விடியுமுன் உப்பளத்து வேனுக்காக அந்த முக்கில் நிற்கிற பொம்பளைகளில் தன் பெண்டாட்டி யார் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவன் வண்டியில் இடதுபக்க லைட் மட்டும் தாழ்ந்து தொங்கும். அது தூரத்தில் வரும்போதே அவள் தலை நிமிரும். வண்டி தாண்டுகிறவரை முகம் இந்தப் பக்கமே இருக்கும்.

சிரிக்கமாட்டாள். முறைக்கவும் மாட்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டே ஓட்டுவான்.

மாமனார் சாவுக்குக் குடித்துவிட்டுப் போனான். பாடைக்குத் தோள் கொடுக்கிறேன் என்று அதன்மேலேயே விழுந்தான். அன்றிலிருந்து அவள் தாய்வீட்டிலேயே இருந்துவிட்டாள். கூப்பிடப் போனபோது மச்சான்மார் வாசலில் மறித்தார்கள். உள்ளேயிருந்து அவள் வரவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

இப்போது குடிப்பதில்லை. அதைப் போய்ச் சொல்ல ஆளில்லை.

அந்த ஒரு பார்வைதான் மிச்சம் இருந்தது. அதையும் இந்த வெளிச்சம் பிடுங்கிக்கொண்டது.

டிம்மில் இது கத்தியால் அறுத்த மாதிரி நிற்கிறது. கோட்டுக்குக் கீழே வெள்ளை. மேலே கறுப்பு. சேலைக்கரை, தூக்குவாளி, ரப்பர் செருப்பு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. உப்புத்தண்ணி தின்று அவள் குதிகால் இப்படி வெடித்துக் கிடப்பது பழைய லைட்டில் தெரிந்ததே இல்லை. இடுப்புக்கு மேல் ஆள் இல்லை. பிரைட்டைத் தட்டினாலோ மொத்தப் பேரும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். பகலெல்லாம் உப்புக் குவியலைப் பார்த்துப் பார்த்துக் கண் வெந்த கூட்டம் அது.

மறுநாள் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை உருட்டினான்.

டிம். கால்கள்.

பிரைட்டைத் தட்டி அப்படியே விட்டான். எவ்வளவு நேரம்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

கை இறங்கவில்லை. குரல்தான் வந்தது.

"எந்தக் கட்டையில போறவன்டா அது! கண்ண அவிச்சிட்டுத்தான் போவியா?"

கனி.

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "வண்டிக்காரனுக்கு ஒம்மேல ஒரு கண்ணு போலுக்கு, கனி."

"கண்ணு இருந்தா இப்படி அடிப்பானாக்கும். குருட்டுப் பய."

எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறான். திட்டுத்தான். ஆனாலும் இன்னும் ரெண்டு திட்டினால் தேவலை என்றிருந்தது.

பிறகுதான் உறைத்தது.

இது யார் வண்டி என்று அவளுக்குத் தெரியவில்லை.

தாழ்ந்து தொங்குகிற மஞ்சள் லைட்டைத்தான் இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அது வருவது நின்றுவிட்டது. வீட்டுக்கு ஒரு தடவை வந்தான், அப்புறம் வரவில்லை. இப்போது ரோட்டிலும் வரவில்லை. அவளுக்கு அப்படித்தானே தோன்றும்.

வேகத்தடைக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரம் கட்டினான்.

லைட்டை அணைத்தான்.

இருட்டு மொத்தமாக வந்து விழுந்தது. முக்கில் பேச்சு நின்றது.

இறங்கலாம். இறங்கி, அத்தனை பொம்பளைகள் நடுவில் போய் நின்று என்ன சொல்ல. அவன் வாயைத் திறந்தாலே காரியம் கெட்டுவிடும். அது அவனுக்கே தெரியும்.

தலைக்கு மேலே தடவி, கேபின் பல்பைப் போட்டான்.

இத்துனூண்டு பல்பு. கறுத்துப்போன சட்டை, வழிக்காத தாடி, காதோரத்து நரை எல்லாம் அதற்குள் வந்தன. முன் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் அவன் மூஞ்சிதான் இருந்தது.

அவள் பார்க்கிறாளா, முதுகைத் திருப்பிக்கொண்டாளா.

துண்டை எடுத்து முகத்துக் கரியைத் துடைத்தான். மூக்கோரம் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அசையாமல் இருந்தான்.

நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.