சுடரில் ஒரு நூல்

கல்யாணப் பெண் அடுப்புச் சுடருக்கு மேல் நூலைப் பிடித்திருந்தாள்.

ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குள் நாங்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். உதவிக்கு வந்தவர்கள் என்று பேர்.

தட்டில் வந்த முகூர்த்தப் புடவையின் குஞ்சத்திலிருந்து அந்த நூலை உருவியது மயிலாத்தாக்கா. எந்தக் கல்யாணப் புடவையையும் சும்மா விட்டதில்லை. மூன்றாவது மாடியில் பால் அடிப்பிடித்தால் கீழே இருந்தே சொல்லும் மூக்கு.

பட்டென்றால் முடி கருகும் நாற்றம். பஞ்சோ மரக்கூழோ என்றால் காகிதம் எரியும் மணம். செடியும் மரமும் காகிதமும் பங்காளிகள். தீயில் காட்டினால் உறவு தெரிந்துவிடும்.

அவள் பட்டு உடுத்துவதில்லை. புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போடுவதைப் பார்த்த நாளிலிருந்து.

பெண் பார்க்க வந்த அன்றே பால்கனியில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். பக்கத்துப் பால்கனியில் நாங்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். காய்ந்த துணியைத்தான்.

அவன் நூல் மில்லில் கெமிஸ்ட். மரக்கூழைக் கரைத்து, பொடித் துளைகள் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சி, பட்டுபோல மினுங்கும் இழையாக்குகிற வேலை.

அவள் சொன்னதற்கு அன்று தலையை மட்டும் ஆட்டினான். மண்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அவன் அம்மா வேறு, பட்டு இல்லாமல் முகூர்த்தமே இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்று தட்டை நீட்டும்போது ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"அசல் பட்டுங்க. எம்பையனே தேடிப் போயி எடுத்தான்."

புடவை தகதகத்தது. அவள் முகம்தான் செத்துப்போனது.

நூல் பற்றிக்கொண்டது.

சுருளவில்லை. உருண்டு திரளவில்லை. விறுவிறுவென்று எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது.

செய்தித்தாள் எரிந்த மணம்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு கண் வழியே வந்துவிட்டது.

மயிலாத்தாக்கா வாயைத் திறந்தார்.

வாசற்படியில் மாமியார்.

"என்னமோ தீயற வாசம் வருதுங்களே?"

அவள் அக்காவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"எனக்குச் சளிங்க. ஒண்ணும் தெரியறதில்ல."

மாமியார் எங்கள் பக்கம் திரும்பினார்.

ஒருவர் பின் ஒருவராகத் தும்மினோம்.