கருகின இலை

தேநீர்க் கோப்பைகளோடு அவள் பின்கதவைத் தாண்டுவதற்குள் கத்தரிக்கோலின் ஓசை கேட்டுவிடுகிறது. தொட்டியடியில் வெட்டுண்டு கிடக்கிறது வௌவால் பூ. கன்னங்கரேலென்று விரிந்த இரண்டு சிறகுகள், முழ நீள மீசைகள், அவற்றின் நுனியில் இன்னும் உலராத நீர்த்துளி. வருடக்கணக்காகக் காத்திருந்து நேற்றுதான் மலர்ந்தது. அதைக் காட்டத்தான் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்திருக்கிறாள். அதன் கிழங்கைக் கொடுத்து, வளர்க்கும் பக்குவத்தை மதில்மேல் சாய்ந்தபடி சொல்லித்தந்து, முகம் தெரியாத இந்தத் தெருவில் அவளுக்குத் தோழியானவள் அக்காதான். "நல்லா வளக்குறே போ! இலை கருகித் தொங்குது, வெட்டாம வச்சிருக்கே. செடிக்குச் சத்து வேணாமா?" அக்காவின் தடித்த கண்ணாடிக்குள் பால் படர்ந்த கண்கள், அவள் முகத்துக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்த்துச் சிரிக்கின்றன. விரல்கள் மட்டும் ஒவ்வோர் இலையையும் வாஞ்சையோடு தடவித் தூசி துடைக்கின்றன. "எங்கடி அந்தப் பூ? காட்டு." அவள் காலால் மெல்ல அந்தக் கறுப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்குகிறாள். "இன்னும் விரியலக்கா." "அதுக்குள்ள என்ன அவசரம்னு கூப்பிட்டே, பைத்தியம்!" அக்கா கோப்பையைத் தேடிக் காற்றில் கை நீட்டுகிறாள். "சீக்கிரம் விரியச் சொல்லு. எனக்கு இப்பல்லாம் காலையிலயே சாயங்காலமா இருக்கு." "சொல்றேன்க்கா."